அவவைப் போல் ஏறத் தேவையில்லை

ஐந்தாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. வழமையாக எங்கட சத்தத்துக்கு முன் சீற்றில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒருத்தி யன்னலுக்கு வெளியே கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி முழங்காலின் பின்பக்கம் கண்டிப்போன இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் இறங்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள். "நான் இனி வரேல்லையடி. நீங்க ரெண்டு பேரும் போங்கோ."

அன்றைக்கு வகுப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எங்களை ஏசவில்லை, பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அது கொழும்பில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கிற போல் டான்ஸ் ஃபிட்னஸ் வகுப்பு. 'எல்லா மட்டத்தினருக்கும்' என்று போட்டிருந்தபடியால்தான் சேர்ந்தோம். ஆறு கம்பங்கள், பதினொரு பேர். ரீச்சர் அன்றைக்குக் காட்டிக்கொடுத்தது தலைகீழாகப் போவது. கம்பத்தைக் கையால் பிடித்து, இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, கால்களால் கம்பத்தைக் கவ்வ வேண்டும். இதை 'இன்வேர்ட்' என்கிறார்கள். நாங்களோ தரையிலிருந்து இரண்டாவது பிடி ஏறுவதற்கே திணறிக்கொண்டிருந்தோம். ரீச்சர் எங்களைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னா, அந்தக் கரையில் இருக்கிற கம்பத்தில் போன கிழமை செய்ததையே செய்யச் சொல்லி. மூன்று பேருக்கு ஒரு கம்பம். ஒரு மணித்தியாலம் நாங்கள் மாறி மாறி ஏறி மாறி மாறி வழுக்கி விழுந்தோம். அறையின் மற்றப் பக்கத்தில் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. வகுப்பு முடியும்வரை ரீச்சர் எங்கட பக்கம் வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் எங்களைச் சுருக்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறோம். இது கம்பம் ஏறுகிற மிகச் சிலருடைய பிரச்சினை என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம். சூம்பா வகுப்போ, நீச்சல் வகுப்போ, ஆங்கில வகுப்போ, வெவ்வேறு மட்டத்தில் இருக்கிறவர்களை ஒரே அறையில் போட்டுப் படிப்பிக்கிற எந்த இடத்திலும் இது நடக்கிறது. எங்களுக்கு நடந்தது கம்பத்தில், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொல்லுப் பிரச்சினை. இதைத் தமிழில் 'போல் டான்ஸ்' என்று எழுதினால் அந்தப் 'போல்' எங்கட ஒப்பீட்டுச் சொல்லாகிவிடுகிறது. அவளைப் போல், அவரைப் போல். வட்ஸ்அப் குழுவில் இதை எழுதிவிட்டு நாங்களே சிரித்திருக்கிறோம். பிறகு யோசித்தால் எங்களைச் சோரவைத்ததும் இந்த ஒப்பீடுதான்.

இது தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் இருப்பது 45 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோகக் கம்பம். அசையாமல் பூட்டியும் வைக்கலாம், தானாகச் சுழலவும் விடலாம். கம்பத்தில் உங்களைத் தாங்குவது கையின் பலம் மட்டுமில்லை, தோல்தான். தொடையின் உட்பக்கமும், முழங்காலின் பின்பக்கமும், கமக்கட்டும் உலோகத்தோடு உரசிப் பிடித்தால்தான் நிற்கலாம். அதனால்தான் கட்டைக் காற்சட்டை போடுகிறார்கள். முழுக் காற்சட்டை போட்டுப் பிடித்தால் சறுக்கும். வகுப்பு நாளில் லோஷன் பூசக் கூடாது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையோடு வரவே கூடாது. இது எங்களில் ஒருத்தி முதல் நாளே படித்த பாடம். கொழும்பு வெக்கையில் கை வேர்க்க வேர்க்கக் கம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில கிழமைகளுக்குத் தோல் எரியும், கண்டும். பிறகு கொஞ்சம் பழகும்.

இதன் வரலாற்றையும் மறைக்கத் தேவையில்லை. இன்றைக்கு ஃபிட்னஸ் என்ற பெயரில் நாங்கள் பழகுகிற பல அசைவுகள் வட அமெரிக்காவின் ஸ்ட்ரிப் கிளப்களில் வேலை செய்த பெண்களின் உடம்பிலிருந்து வந்தவை. அவர்களில் சிலர் 1990களில் மற்றப் பெண்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். வகுப்புகள் அங்கிருந்து பரவின. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கம் இதற்குப் பார்வையாளர் அந்தஸ்துக் கொடுத்தது. இந்தியாவில் மல்லகம்பம் என்ற தனி மரபு இருக்கிறது. மரக் கம்பத்தில் செய்கிற அந்தப் பயிற்சி மகாராஷ்டிரத்தில் செழித்தது. "இது மல்லகம்பம் மாதிரித்தான் அம்மா" என்று வீட்டில் சமாளிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் எங்களுக்குக் காட்டிக்கொடுத்த வரிசை மகாராஷ்டிரத்திலிருந்து வரவில்லை. எங்களுக்கு முன்னால் இதைச் செய்த பெண்களை மறைத்துவிட்டு, எங்கட மரியாதையை மட்டும் காப்பாற்றிக்கொள்வது சரியாகப் படவில்லை. அம்மாக்களுக்கு இன்னும் சொல்லவில்லை என்பது வேறு கதை.

இனி அந்தச் சோர்வுக்கு வருவோம்.

எங்கள் மூன்று பேருக்கும் பத்து வயதிலேயே இலக்கம் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று அப்பா அம்மா மட்டுமில்லை, பக்கத்து வீட்டு அன்ரிக்கும் தெரியும். பிறகு ஒவ்வொரு தவணையும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் விழுந்தது. உயர்தரத்தில் இசற்-புள்ளி வந்தது. அந்தக் கணக்கின் அடிப்படையே உங்களுடைய புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான். உங்களுக்கு என்ன தெரியும் என்று அது சொல்வதில்லை. மற்றவர்களோடு பார்க்க நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். பல்கலைக்கழகம் வந்த பிறகும் அது முடியவில்லை. கலைப்பீடம் என்று சொன்னவுடன் "ஓ, ஆர்ட்ஸா" என்று இழுக்கிற அந்த இழுவை இருக்கிறதே, அதுவும் ஒரு தரவரிசைதான்.

இப்படிப் பன்னிரண்டு வருசம் வளர்ந்த ஒருவர் எந்த அறைக்குள் போனாலும் முதலில் செய்வது வரிசை பிடிப்பதுதான். நாங்களும் செய்தோம். முதல் நாள் வகுப்பில் செருப்பைக் கழற்றி வைத்து ஐந்து நிமிசத்துக்குள் பதினொரு பேரையும் மனதுக்குள் அடுக்கி முடித்துவிட்டோம். யார் முதலாம் பிள்ளை, யார் கடைசி. ஒருவரும் புள்ளி போடாத இடத்தில் நாங்களே எங்களுக்குப் புள்ளி போட்டோம். ஒன்பதாம், பத்தாம், பதினோராம் பிள்ளை.

உளவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் 'சமூக ஒப்பீடு' பற்றி எழுதினார். தன்னுடைய திறமை எவ்வளவு என்று அளக்க வெளியே ஒரு அளவுகோல் இல்லாதபோது மனிதர் மற்ற மனிதரைப் பார்த்து அளக்கிறார் என்பது அவருடைய வாதம். இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார். வித்தியாசம் கூடக் கூட அந்த ஒப்பிடுகிற ஆசை குறையும். ஒலிம்பிக் வீராங்கனையைத் தொலைக்காட்சியில் பார்த்து யாரும் அழுவதில்லை. அவ வேறு, நாங்கள் வேறு என்று தெரியும். அப்படியானால் ஒன்றரை வருசமாக ஏறுகிற ஒருவரைப் பார்த்து நாங்கள் ஏன் சோர்ந்தோம்? எங்கட விளக்கம் இது: வகுப்பு எங்களை ஒன்றாகப் போட்டது. ஒரே நேரம், ஒரே அறை, ஒரே காசு, ஒரே ரீச்சர். 'எல்லா மட்டத்தினருக்கும்' என்ற சொல் மட்ட வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிற மாதிரி இருந்தாலும், உள்ளே போனதும் அந்த வித்தியாசத்தை அது மறைத்துவிடுகிறது. பார்த்தால் எல்லோரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள். அப்போது பின்னுக்கு நிற்கிறவர் பிந்தி வந்தவராகத் தெரிவதில்லை, மொக்குப் பிள்ளையாகத்தான் தெரிகிறார். மற்றவருக்கு மட்டுமில்லை, தனக்கும்.

ஐந்து கிழமையாக நாங்கள் மனதுக்குள் 'முதலாம் பிள்ளை' என்று வைத்திருந்த அக்காவிடம் ஆறாவது கிழமைதான் கதைத்தோம். வாயில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தவ சிரித்தா. தான் ஒன்றரை வருசமாக வருவதாகவும், அதற்கு முன் பாடசாலையில் ஏழு வருசம் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்ததாகவும் சொன்னா. முதல் மூன்று மாதம் தனக்கும் ஏற ஏலாமல் இருந்ததாம், கை தசைநாரில் நோ வந்து ஒரு மாதம் நின்றதாம். இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது அவவின் இன்றைய சனிக்கிழமையை மட்டும். அதை வைத்துத்தான் எங்கட முதல் சனிக்கிழமையை அளந்தோம்.

உடம்பின் கணக்கும் வேறு. புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கும்போது முதல் சில கிழமைகளில் கூடுகிற பலத்தில் பெரும் பங்கு தசை வளர்ந்து வருவது இல்லை. இருக்கிற தசையை எப்படி ஒன்றாக இயக்குவது என்று நரம்பு மண்டலம் படிக்கிறது. தசை பிறகுதான் மெல்ல வளரும். தசையை எலும்போடு இணைக்கிற தசைநார் அதைவிடப் பிந்தித்தான் பலப்படும். இதனால்தான் "எனக்கு இப்ப பலம் வந்திட்டுது" என்று அவசரப்பட்டுத் தலைகீழாகப் போகிறவர்கள் தோளிலும் முழங்கையிலும் நோவோடு நிற்கிறார்கள். ஐந்து கிழமையில் தலைகீழாகப் போக ஏலவில்லை என்றால் அது தோல்வி இல்லை, பெரும்பாலான உடம்புகளின் வேகமே அதுதான். ஆனால் இதை வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸில் அந்த அமைதி இருந்திருக்காது என்று நினைக்கிறோம்.

இந்த இடத்தில் சிலர் சொல்லுவார்கள், அப்படியானால் புதியவர்களுக்கு வேறு வகுப்பு, பழையவர்களுக்கு வேறு வகுப்பு வைத்தால் சரி என்று. முதலில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு கணக்குப் பார்த்தோம். கம்பம் விலை, கட்டட வாடகை கூட, வருகிறவர்கள் கொஞ்சப் பேர். பதினொரு பேரை மூன்று வகுப்பாகப் பிரித்தால் ரீச்சருக்குக் கட்டாது. எங்களிடம் கூடக் காசு கேட்பார்கள். இப்போதே ஒரு வகுப்புக்குக் குடுக்கிற காசை நாங்கள் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிக்கிறோம். கலந்த வகுப்பு இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பே இல்லை.

அதோடு, கலந்து படிப்பது எங்கட ஊர்களுக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்று, தரம் இரண்டு என்று பிரிவு இருந்ததில்லை. மணலில் 'அ' எழுதுகிற பிள்ளையும் நிகண்டு பாடமாக்குகிற பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். ஒரே ஒரு வாத்தியார். சமாளிப்பதற்கு வழி, முன்னுக்குப் போன பிள்ளையே பின்னுக்கு வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. அந்தப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789இல் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பாக வந்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன்னுடைய பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பிள்ளையே பிள்ளைக்குப் படிப்பிக்கிற முறையையும் சேர்த்துச் செய்துபார்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. திண்ணைப் பள்ளிகளைப் புகழ்ந்து தள்ள நாங்கள் வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் பெரும்பாலான பெண் பிள்ளைகளையும் வாசலுக்கு வெளியே வைத்த திண்ணை அது. பிரம்படியும் இருந்தது. ஆனால் பல மட்டங்களில் இருக்கிறவர்கள் ஒரே இடத்தில் படிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. இன்றைக்கும் பிள்ளைகள் குறைந்த கிராமத்துப் பாடசாலைகளில் இரண்டு மூன்று தரங்களை ஒரே ரீச்சர் ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறா.

ஆகவே கலந்த வகுப்பு என்பதே பிழையில்லை. முன்னுக்கு நிற்கிறவர்களுக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு, மிச்சப் பேரை 'கரைக் கம்பத்துக்கு' அனுப்பிவிட்டு, அதையும் கலந்த வகுப்பு என்று சொல்வதுதான் பிழை. அது ஒரு வகுப்பும் ஒரு காத்திருப்பு அறையும். நாங்கள் காத்திருப்பு அறைக்கும் வகுப்புக் காசு கட்டினோம்.

நல்ல கலந்த வகுப்பு எப்படி இருக்கும்? எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறோம். ஒரு நாளுக்கு ஒரு விசயம், அதற்கு மூன்று படி. ஏறுவதுதான் அன்றைய விசயம் என்றால், புதியவர் ஒரு காலைக் கம்பத்தில் பூட்டி ஒரு பிடி எழும்பி இறங்கட்டும். அடுத்தவர் மேலே வரை ஏறட்டும். பழையவர் கால் பூட்டாமல் கையால் ஏறிப் பார்க்கட்டும். மூன்று பேரும் செய்வது ஒரே விசயம், ரீச்சரும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லலாம். தலைகீழாகப் போகிற நாளில் புதியவர் தரையில் படுத்துக்கொண்டு கம்பத்தைப் பிடித்து இடுப்பை உயர்த்துகிற பயிற்சியைச் செய்யலாம். அதுவும் அதே அசைவின் முதல் படிதான், ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தண்டனை மாதிரி இருக்கும்.

இரண்டாவது, கம்பங்களைப் பிரிக்கும்போது புதியவர் மூன்று பேரையும் ஒரு கம்பத்தில் கட்டிவைக்க வேண்டாம். ஒரு பழையவரும் ஒரு புதியவரும் ஒரு கம்பம். பழையவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் புதியவர் ஏறலாம், பழையவர் பார்த்துச் சொல்லலாம். சொல்லிக்கொடுப்பது பழையவருக்கும் நட்டமில்லை. தான் எப்படிச் செய்கிறேன் என்று வாயால் சொல்லும்போதுதான் தனக்கே அது விளங்கும். ரியூசன் குடுத்துப் படிப்புச் செலவு பார்க்கிற கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

மூன்றாவது, மொழி. எங்கட வகுப்பு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கிறது. எங்களில் ஒருத்திக்கு இரண்டும் ஓடும், இரண்டு பேருக்கு இழுபறி. 'தோளைக் கீழே இழுத்து வை' என்று சொன்னது விளங்காமல், நாங்கள் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு இரண்டு கிழமை தொங்கியிருக்கிறோம். தோள் நோவுக்குக் காரணம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. உடம்புப் பயிற்சியில் விளங்காத சொல் வெறும் வெட்கத்தோடு நிற்காது, காயமாக வரும்.

ரீச்சரின் பக்கமும் இருக்கிறது. ஆறாவது கிழமை வகுப்பு முடிந்து பயந்து பயந்துதான் போய்க் கதைத்தோம். அவ கோபிக்கவில்லை. பழையவர்களும் காசு கட்டித்தான் வருகிறார்கள், எப்போதும் அடிப்படையிலேயே நின்றால் அவர்கள் விட்டுவிடுவார்கள், அவர்கள் விட்டால் வாடகை கட்ட ஏலாது என்று சொன்னா. நியாயம்தான். நீங்கள் மூன்று பேரும் எப்பவும் சிரித்துக்கொண்டு நின்றபடியால் சந்தோசமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றும் சொன்னா. அதுவும் நியாயம்தான். ஏலாததை மறைக்கச் சிரிக்கிறது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே நல்லா வரும்.

அது எப்படி வந்தது என்று யோசித்தோம். எழுத வந்த விசயத்தில் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான்.

சித்திரைப் புதுவருச விளையாட்டுகளில் வழுக்கு மரம் பார்த்திருப்பீர்கள். மரத்துக்குக் கிறீஸ் பூசி உச்சியில் பரிசைக் கட்டிவிடுவார்கள். பெடியள் ஏறுவார்கள், வழுக்குவார்கள், ஒருவர் தோளில் ஒருவர் நிற்பார்கள், எல்லோரும் சேர்ந்து பொத்தென்று விழுவார்கள். ஊரே சிரிக்கும், அவர்களும் சிரிப்பார்கள். ஒருவரும் அவமானப்பட்டு வீட்டுக்குப் போவதில்லை. அங்கே விழுவதுதான் விளையாட்டே. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துத்தான் இருக்கிறோம். ஏறினதில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

எங்களில் இரண்டு பேர் பத்து வயதுவரை மதில் ஏறினவர்கள், கொய்யா மரம் ஏறினவர்கள். ஒருத்தி இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரில் இரண்டாம் இடம். பிறகு சாமத்திய வீடு வந்தது. வீடியோக்காரர், அல்பம், பட்டுச் சேலை எல்லாம் வந்தது. ஓட்டம் நின்றது. யாரும் "இனி ஓடாதே" என்று சட்டம் போடவில்லை. "இனி என்ன பிள்ளை மதில் ஏறுறது", "ரியூசன் இருக்கல்லே", "வெயிலுக்க நிண்டு கறுத்துப் போவாய்" என்று ஒவ்வொன்றாக வந்தது. நல்லாச் செய்கிற சில பேர் மட்டும் தொடர்ந்தார்கள். வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவர்கள், மாகாண மட்டத்துக்குப் போனவர்கள். அதாவது, ஒரு பெண் பிள்ளை பதின்மூன்று வயதுக்குப் பிறகு உடம்பை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதில் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். சும்மா, சுமாராக, விழுந்து எழும்பிச் செய்வதற்கு இடம் இல்லை.

எனவே இருபத்திரண்டு வயதில் கம்பத்தைப் பிடிக்கிற எங்களுக்கும் அந்த அக்காவுக்கும் இடையில் இருப்பது ஒன்றரை வருசம் மட்டும் இல்லை. நாங்கள் அசையாமல் இருந்த பத்து வருசமும் அதில் இருக்கிறது. அதைச் சோம்பல் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டால், அந்தப் பத்து வருசத்தை எங்களிடமிருந்து எடுத்தது யார் என்ற கேள்வி தப்பிவிடும்.

இதிலேயே இன்னொன்றும் நினைவு வந்தது. வடக்கில் கம்பத்தைவிடக் கரடுமுரடான மரத்தில் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கினவர்கள் இருக்கிறார்கள். காலில் தளைநாரோடு பனை ஏறிச் சீவல் தொழில் செய்தவர்கள். நாங்கள் இப்போது காசு கட்டி, கண்ணாடி முன்னால் நின்று பழகுகிற பிடியும் சமநிலையும் அவர்களுக்குத் தொழிலாக இருந்தது. எங்கட சமூகம் அதைத் திறமை என்று பார்க்கவில்லை, சாதி என்று பார்த்தது. யாருடைய உடம்பு எதைச் செய்தால் கைதட்டுவது, எதைச் செய்தால் முகம் சுளிப்பது என்பதைக் கம்பம் தீர்மானிப்பதில்லை, சுற்றி நிற்கிற ஆட்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரு சின்ன வகுப்பறையிலும் அப்படித்தான்.

"மற்றவரோடு ஒப்பிடாதே" என்ற அறிவுரையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு வருசம் ஒப்பிடப் பழக்கிவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஒப்பிடாதே என்றால் எப்படி? அது முடியாத வேலையைத் தந்துவிட்டு, முடியவில்லை என்பதற்கும் எங்களையே குற்றம் சொல்வது. எங்களுக்கு உதவினது வேறு. ஒன்று, கொப்பியில் எழுதுவது. போன கிழமை எத்தனை செக்கன் தொங்கினோம், இந்தக் கிழமை எத்தனை. ஃபெஸ்டிங்கர் சொன்ன அந்த வெளி அளவுகோலை நாங்களே செய்துகொண்டோம். ஆறு செக்கன் பதினொன்றாக வந்ததைக் கொப்பி சொன்னது, வகுப்பு சொல்லவில்லை. மற்றது, கேட்பது. 'எனக்கு இது ஏலாது, இதற்கு முதல் படி என்ன?' என்று சத்தமாகக் கேட்பது. முதல் தடவை கேட்டபோது குரல் நடுங்கியது உண்மை. ஆனால் கேட்டவுடன், எங்களோடு கூட நின்ற இன்னும் இரண்டு பேர் "எங்களுக்கும்" என்றார்கள். பதினொரு பேரில் தலைகீழாகப் போக ஏலாதவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை. மற்றவர்கள் நாங்கள் பார்க்காத மாதிரிப் பார்த்து ஏலாமல் இருந்தார்கள்.

விட்டவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் திரும்ப வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் முதலில் அதை எங்கட தோல்வியாக எடுத்தோம், அவளை வற்புறுத்தினோம். "எனக்கு அந்த அறை பிடிக்கேல்லை, அதுக்காக எனக்கு ஒண்டும் ஏலாது எண்டில்லை" என்று அவள் சொன்னது பிறகுதான் ஒழுங்காகக் காதில் விழுந்தது. இப்போது காலையில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஓடுகிறாள். மெதுவாகத்தான், நடுவில் நடந்தும். 100 மீற்றரில் இரண்டாம் இடம் வந்தவள் அவள்தான். விடுவதையும் ஒரு முடிவாக மதிக்க நாங்கள் பழக வேண்டும். உயர்தரத்தில் பாடம் மாற்றினவரையும், பாதியில் நின்றவரையும் 'விட்டிட்டு ஓடினவர்' என்று சொல்கிற ஊரில் இது சின்ன விசயமில்லை.

ரீச்சர் கொஞ்சம் மாறியிருக்கிறா. எல்லாக் கிழமையும் இல்லை. சில சனிக்கிழமைகளில் மூன்று படி காட்டுகிறா, சில நாட்களில் மறந்து முன்வரிசையோடேயே போய்விடுகிறா. அப்போது நாங்கள் கேட்கிறோம். அந்த அக்கா இப்போது எங்கட கம்பத்துக்கு வந்து மூச்சு வாங்குகிறா. "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று சிங்களத்தில் சொல்லி, தன்னுடைய தோளைத் தட்டிக் காட்டுகிறா. எங்களில் ஒருத்தி போன கிழமை நான்கு பிடி ஏறினாள். மற்றவள் இன்னும் இரண்டில் நிற்கிறாள். மனதுக்குள் வரிசை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் நிற்கிறவள் வரும்போது பஸ்ஸில் கதைத்துக்கொண்டுதான் வந்தாள்.

வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அடுத்த வகுப்பில் ஒரு தடவையாவது கரைக் கம்பத்துக்கு நடந்து போய் வாருங்கள். அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் "எந்த இடத்தில் நிக்குது?" என்று கேளுங்கள். எங்களைப் போல் கரைக் கம்பத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று. யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களாகவே கூப்பிடுங்கள்.